தொழில்தரப் புல்வெட்டி வண்டி உங்கள் வீட்டுக்குத் தேவையா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் ஏக்கருக்கு மேல் புல்வெளி வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்துவிடும். பெல்ட் அறுந்து, பேரிங் கத்தி, மேடு ஏறும்போது திணறி, வீட்டுத்தர வண்டி அலுப்பூட்டத் தொடங்கியிருக்கும். அதே நேரத்தில், புல் வெட்டுவதையே தொழிலாகச் செய்கிறவர் பக்கத்துத் தோட்டத்தில் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் கனமான ஜீரோ டர்ன் வண்டியைக் கொண்டுவந்து இறக்கி, நாம் பாதி முடிப்பதற்குள் மொத்தத்தையும் முடித்துவிட்டுப் போவார். ஒருமுறை செலவழித்து அதையே வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லையே என்று தோன்றும்.

சிலருக்கு அது சரியான முடிவுதான். பெரும்பாலானோருக்கு அந்த வண்டியில் இருக்கும் ஒன்றிரண்டு பாகங்கள்தான் தேவை. முழு வண்டியும் தேவையில்லை. எந்தப் பாகம் என்று கண்டுபிடித்துவிட்டால் முடிவு சுலபம். பெயர்ப்பலகையில் 'தொழில்தரம்' என்று இருக்கிறதா என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, கீழே உள்ள வரிசையில் உங்கள் நிலத்தைப் பாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் விடைதான் அடுத்த படியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும்.

படி 1: ஏக்கரை விடுங்கள், மணிக்கணக்கைப் பாருங்கள்

கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஏக்கர்?" என்பதுதான். அது பாதிக் கேள்வி. வண்டி தேய்வது ஓடும் மணிகளால். ஆகவே முதல் வேலை, உங்கள் நிலம் ஒரு வருடத்தில் வண்டியை எத்தனை மணி நேரம் ஓட வைக்கும் என்று கணக்கிடுவது.

வீடு, பாதை, மரக்கூட்டம், பாத்திகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, உண்மையில் வெட்டும் புல்லின் பரப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர் மனையில் புல் ஒன்றரை ஏக்கர்தான் இருக்கும். பிறகு இந்தக் கணக்கு: டெக்கின் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டின்) அகலத்தை அங்குலத்தில் எடுத்து, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறீர்களோ அதால் பெருக்கி, 200-ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்று வரும். ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை சற்று ஏறி வெட்டுவது, திரும்புவது ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கு இழப்பை இந்த 200 உள்ளடக்கியது.

42 அங்குல டெக் உள்ள சாதாரணப் புல்வெளி டிராக்டர், மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம்: 1.26 ஏக்கர். 52 அங்குல வீட்டுத்தர ஜீரோ டர்ன், 8 கிலோமீட்டர்: 2.08 ஏக்கர். 60 அங்குலத் தொழில்தர ஜீரோ டர்ன், 13 கிலோமீட்டர்: 3.9 ஏக்கர்.

ஒன்றரை ஏக்கர் புல்லுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். டிராக்டருக்கு 71 நிமிடம், வீட்டுத்தர ஜீரோ டர்னுக்கு 43, தொழில்தர வண்டிக்கு 23. வருடத்துக்கு 28 முறை வெட்டுவதாக வைத்துக்கொண்டால் டிராக்டர் 33 மணி நேரம் ஓடும், தொழில்தர வண்டி 11 மணி நேரம் ஓடும். சாதாரண வீட்டுத்தர வண்டியின் எஞ்சினும் டிரான்ஸ்மிஷனும் பெரிய செலவு வைக்காமல் ஏறத்தாழ 500 மணி நேரம் தாங்கும் என்றும், தொழில்தரத்தில் 2,000 மணி நேரத்தைத் தாண்டுவது வழக்கம் என்றும் தோராயமாகக் கொள்ளலாம். பராமரிப்பைப் பொறுத்து இரண்டும் ஏறும், இறங்கும். அப்படிப் பார்த்தால் ஒன்றரை ஏக்கர்காரரின் டிராக்டர் 15 வருடம் ஓடும். அவர் தொழில்தர வண்டி வாங்கினால் அது 180 வருடத்துக்கான மணிகளைச் சுமந்துகொண்டு கொட்டகையில் நிற்கும்.

அந்த மணிகள் நமக்குக் கிடைக்காது என்பதுதான் இதில் முக்கியம். வண்டி இரண்டு வகையில் முதுமை அடைகிறது. இரும்பும் பேரிங்கும் ஓட்டத்தால் தேயும். ரப்பர் குழாய், பெல்ட், ஆயில் சீல், டயர், கார்புரேட்டருக்குள் இருக்கும் வளையங்கள், பேட்டரி ஆகியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுகளால் கெடும். புல் வெட்டும் தொழில் செய்கிறவர் 2,000 மணி நேரத்தை மூன்று நான்கு வருடத்தில் ஓட்டி முடித்துவிடுவார். அவருக்கு ரப்பர் முதுமை ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்காரருக்கோ தேய்மானம் வருவதற்கு முன்பே ரப்பர் வெடித்துவிடும். "ஆயுளுக்கும் போதும்" என்ற நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான்.

இப்போது ஐந்து ஏக்கர் புல்லுக்கு அதே கணக்கைப் போடுங்கள். டிராக்டருக்கு ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வருடத்துக்கு 111 மணி. நாலரை வருடத்தில் 500 மணி முடிந்துவிடும். வீட்டுத்தர ஜீரோ டர்னுக்கு வருடத்துக்கு 67 மணி. தொழில்தர வண்டிக்கு 36. இங்கே நிலைமை தலைகீழாகிறது. அகலமும் வேகமும் கூடிய வண்டி தன் தேய்மானத்தையும் குறைக்கிறது, உங்கள் ஓய்வுநாளில் இரண்டு மூன்று மணி நேரத்தையும் திருப்பித் தருகிறது.

என் அளவுகோல் இது. வருடத்துக்கு 40 மணிக்குக் கீழே என்றால், மணிக்கணக்கைக் காரணம் காட்டித் தொழில்தரத்துக்குப் போக வேண்டாம். 40 முதல் 80 வரை என்றால், பின்னால் சொல்லப்போகும் நடுத்தர வகையைப் பாருங்கள். 80-ஐத் தாண்டினால் தொழில்தரம் தன் விலைக்கு நியாயம் செய்யும். கணக்கை எப்போதும் இப்போது நீங்கள் ஓட்டும் வண்டியின் அகலத்திலும் வேகத்திலும் போடுங்கள்.

படி 2: சரிவை அளந்து பாருங்கள், கண்ணால் மதிப்பிடாதீர்கள்

மணிக்கணக்கு 'வேண்டாம்' என்று சொன்னாலும் சரிவு 'வேண்டும்' என்று சொல்லலாம். சில நேரம், எந்த ஜீரோ டர்னும் வேண்டாம் என்றே சொல்லிவிடும். இந்தப் படியை யாரும் அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது. ஏறி ஓட்டும் புல்வெட்டிகளில் உயிர் போகும் விபத்துகளில் பெரும்பங்கு வண்டி கவிழ்வதால் நேர்கிறது.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையும் ஒரு ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேட்டுப் பக்கம் தரையில் ஊன்றி, மறுமுனையை ரசமட்டம் நேராகும் வரை தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 17 அல்லது 18 சென்டிமீட்டர் என்றால் சரிவு 10 டிகிரி. 27 சென்டிமீட்டர் என்றால் 15 டிகிரி. பல ஜீரோ டர்ன்களின் கையேடு 15 டிகிரியை உச்ச எல்லையாகச் சொல்கிறது. சில மாடல்களில் எல்லை 10 டிகிரிதான். நீங்கள் பார்க்கும் மாடலின் கையேட்டை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். நிலத்தில் மிகச் செங்குத்தான இடத்தை அளக்க வேண்டும், சராசரியை அல்ல.

ஜீரோ டர்ன் ஏன் சரிவில் ஆபத்தானது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த எல்லையை யாரும் மீறமாட்டார்கள். அதில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனி ஹைட்ராலிக் அலகால் இயங்கும். இரண்டு லீவரால் அவற்றின் வேகத்தை மாற்றித்தான் திருப்புகிறோம். முன்சக்கரங்கள் தம் போக்கில் சுழலுமே தவிர வண்டியைத் திருப்பாது. ஓடும்போது வேகத்தைக் குறைப்பதும் அதே பின்சக்கரங்கள்தான். ஈரப்புல்லில் அவை வழுக்கத் தொடங்கினால் திருப்பும் திறன், நிறுத்தும் திறன் இரண்டும் ஒரே நொடியில் போய்விடும். வண்டி சரிவு போகும் திசையில் போகும்.

தொழில்தரம் என்பதால் இந்த இயற்பியல் மாறாது. 500 முதல் 700 கிலோ வரை எடையுள்ள வண்டி வழுக்கத் தொடங்கினால், 250 கிலோ வண்டியைவிட மோசமாகத்தான் போய் முடியும். தொழில்தரத்தில் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் கவிழ்வுக் காப்புக் கம்பியும் சீட் பெல்ட்டும். வீட்டுத்தர வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. கம்பி நிமிர்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கட்டாயம் போட வேண்டும். தாழ்ந்த கிளைக்காகக் கம்பியை மடக்கினால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், அந்த இடம் தாண்டியதும் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கம்பியை மடக்கி வைத்தே பழகியவர்களுக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

குளம், கால்வாய், தடுப்புச்சுவரின் விளிம்பு இருந்தால் வண்டியின் அகலத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் விட்டுவிடுங்கள். அந்தப் பட்டையைக் கையால் தள்ளும் புல்வெட்டியிலோ நூல் வெட்டியிலோ முடிப்பதுதான் சரி. குழந்தைகளை மடியில் வைத்து ஓட்டுவது எந்த வண்டியிலும் கூடாது.

அளவு 15 டிகிரிக்கு மேல் வந்த இடங்களுக்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டும் எதுவும் வேண்டாம். நிலம் முழுக்க 8 முதல் 12 டிகிரி மேடு பள்ளம் என்றால், மணிக்கணக்கு குறைவாக இருந்தாலும், கனமான டிரான்ஸ்மிஷனும் காப்புக் கம்பியும் உள்ள வண்டியைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. காரணம் படி 4-இல்.

படி 3: வாசல், மரம், தரை

இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் பல பேரின் திட்டம் நின்றுபோவது இங்கேதான். டேப்பை எடுத்து எல்லா வாசல்களையும் அளந்து பாருங்கள். 60 அங்குல டெக், புல் தள்ளும் மூடியை மடக்கினாலும், 60 அங்குலத்துக்குள் அடங்காது. கொட்டகையில் ஐந்தரை அடி அகலமும் ஏழு அடி நீளமும் தேவைப்படும்.

மரங்கள் அடர்ந்த நிலத்தில் 13 கிலோமீட்டர் வேகம் காகிதத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு 15 அடிக்கும் ஒரு மரம், ஊஞ்சல், பாத்தி என்று வந்தால் எல்லா வண்டியும் ஒரே வேகத்தில்தான் போகும். அப்போது உதவுவது சுழன்று திரும்பும் திறன் மட்டுமே. அது வீட்டுத்தர ஜீரோ டர்னிலும் இருக்கிறது. தரை குண்டும் குழியுமாக இருந்தால் அகலமான டெக் மேட்டின் தலையைச் சீவிவிடும். அங்கே 48 அங்குலம் 60-ஐவிட அழகாக வெட்டும்.

மழைக்காலத்தில் கால் அமிழும் மண் என்றால் எடையைப் பற்றி யோசியுங்கள். கனமான வண்டி வாரா வாரம் ஒரே தடத்தில் போனால் மண் இறுகும், தடம் விழும், திருப்பங்களில் புல் வேரோடு கிழியும். கழிவுநீர்த் தொட்டியின் மூடி, ஆழமில்லாமல் புதைத்த குழாய் இவற்றின் மேல் அரை டன் வண்டி ஏறலாமா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 4: மூடியைத் திறந்து பாகங்களைப் படியுங்கள்

என் பார்வையில் இந்த வழிகாட்டியின் நடுமையம் இதுதான். இரண்டு வண்டிகள் ஒரே நிறம், ஒரே வடிவம், ஒரே குதிரைத்திறன் காட்டும். வித்தியாசம் நான்கு இடங்களில் இருக்கும்.

முதலாவது டிரான்ஸ்மிஷன். வீட்டுக்காரர் உண்மையில் தொழில்தரத்தைத் தேட வேண்டிய பாகம் இதுதான். ஹைட்ரோஸ்டாடிக் அலகு எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மேடு ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் எண்ணெய் சூடாகும். சூடான எண்ணெய் நீர்த்துப்போகும், உள்ளே இடுக்குகளில் கசியும், சக்கரத்துக்குப் போகும் வலு குறையும். காலையில் நன்றாக ஏறிய மேட்டில் ஒரு மணி நேரம் கழித்து வண்டி தவழ்வது இதனால்தான். புல்வெளி டிராக்டர்களில் பரவலாக வரும் டஃப் டார்க் கே46 போன்ற சிறிய அலகுகள் சமதளத்தில் குறையில்லாமல் உழைக்கும். தொடர்ந்து மேடு ஏற்றினால் சீக்கிரம் தளரும். வெளியில் வடிகட்டி கிடையாது, எண்ணெய் மாற்றுவதற்கு ஏற்ற அமைப்பும் கிடையாது.

ஜீரோ டர்ன்களில் ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் அலகுகள் அதிகம். இசட்.டி-2800 வீட்டுத்தரம், இசட்.டி-3100 அதற்கு ஒரு படி மேல், இசட்.டி-3400 முதல் தொழில்தரம், 4400-உம் 5400-உம் இன்னும் கனமானவை. எண் ஏற ஏற அலகு பெரிதாகும், வெப்பத்தைத் தாங்கும் வலுவும் கூடும். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற முடிகிற அலகா என்று கேளுங்கள். 3400 வகையில் முதல் மாற்றம் 75 மணியிலும், அதன்பின் 400 மணிக்கு ஒருமுறையும். வீட்டுக்காரருக்கு அது ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை.

இரண்டாவது எஞ்சின். கவாசாகியில் எஃப்.ஆர். வரிசை வீட்டுத்தர வண்டிகளிலும், எஃப்.எஸ்., எஃப்.எக்ஸ். வரிசைகள் தொழில்தர வண்டிகளிலும் வரும். கோலரில் 7000 வரிசை வீட்டுக்கு, கமாண்ட் ப்ரோ தொழிலுக்கு. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் தொழில்தரப் பெயர் வான்கார்ட். வெளியிலிருந்தே தெரிகிற பெரிய வித்தியாசம் காற்று வடிகட்டி: தொழில்தரத்தில் உருளை வடிவில் பெரியதாக, எஞ்சினுக்கு வெளியே தனியாக நிற்கும். நாள் முழுக்க புழுதியில் ஓடுகிறவருக்கு அது பெரிய வரம். வாரம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவர், இருக்கும் வடிகட்டியைக் காலத்தில் மாற்றினாலே போதும். எண்ணெயை வருடம் தவறாமல் மாற்றினால் எஃப்.ஆர். வகை எஞ்சின் வீட்டு உபயோகத்தில் முதலில் கெடும் பாகமாக இருக்காது. எஞ்சினுக்காக மட்டும் தொழில்தரத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாவது டெக். அச்சில் அழுத்தி வடிவமைத்த மெல்லிய தகடா, தடித்த தகடுகளை வெட்டிப் பற்றவைத்ததா என்று பாருங்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 12 கேஜ் என்பது 2.7 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.6. கல், வேர், குச்சி உள்ள நிலத்தில் 10 கேஜ் பற்றவைத்த டெக் மனநிம்மதி தரும். சுத்தமான புல்வெளிக்கு 7 கேஜ் என்பது சுமக்க வேண்டிய வீண் இரும்பு.

நான்காவது ஸ்பிண்டில், அதாவது பிளேடைத் தாங்கிச் சுழலும் அச்சு. வார்ப்பிரும்பு அல்லது கனமான அலுமினியக் கூட்டில் இருக்கிறதா, கிரீஸ் அடிக்க முனை இருக்கிறதா, பேரிங்கைத் தனியாக மாற்ற முடியுமா? வேர் தட்டினால் முதலில் அடி வாங்குவது இதுதான்.

புல் வெட்டின் அழகைக் காரணமாகச் சொல்லித் தொழில்தரம் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. பி71.1 தரநிலை வீட்டுத்தர வண்டிகளில் பிளேடு முனையின் வேகத்தை நிமிடத்துக்கு 19,000 அடிக்குள் வைக்கச் சொல்கிறது. தொழில்தர வண்டிகளும் பெரும்பாலும் 18,000-ஐ ஒட்டித்தான் ஓடுகின்றன. நிதானமான வேகத்தில், கூரான பிளேடில், இரண்டும் ஏறத்தாழ ஒரே வெட்டைத்தான் தரும். வேகமாக ஓட்டும்போதும், உயரமாக வளர்ந்த அல்லது ஈரமான புல்லிலும் ஆழமான தொழில்தர டெக் முந்தும். உங்கள் வெட்டு கரடுமுரடாக இருந்தால், முதலில் பிளேடைத் தீட்டிப் பாருங்கள். 20 முதல் 25 மணிக்கு ஒருமுறை தீட்ட வேண்டும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள்.

படி 5: உங்கள் உடம்பைக் கேளுங்கள்

முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது மற்ற எல்லாப் படிகளையும் மிஞ்சலாம். அதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வீட்டுத்தர வண்டியின் மெல்லிய சட்டமும் கடின இருக்கையும் ஒவ்வொரு குழியையும் நேராக முதுகெலும்புக்கு அனுப்பும். வேகமாகப் போனால் இன்னும் மோசம். பலர் தங்கள் வண்டியின் முழு வேகத்தையும் ஒருபோதும் பயன்படுத்த முடியாமல் போவதற்கு எஞ்சின் காரணமில்லை, இருக்கைதான் காரணம்.

இதற்கும் முழுத் தொழில்தர வண்டி ஒன்றுதான் வழி என்று இல்லை. ஸ்பிரிங் அதிர்வடக்கி உள்ள இருக்கையை நடுத்தர வண்டிகளில் தேர்ந்தெடுக்கலாம். சிலவற்றில் பின்னர் மாற்றியும் கொள்ளலாம். டோரோவின் மைரைடு அமைப்பில் இருக்கையும் கால் வைக்கும் தளமும் சேர்ந்தே மிதக்கும். ஃபெரிஸ் வண்டிகளில் சக்கரங்களுக்கே சஸ்பென்ஷன் உண்டு. மேடு பள்ளமான நிலத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு, குதிரைத்திறனில் செலவழிப்பதைவிட இதில் செலவழிப்பது நல்லது.

காதையும் மறக்காதீர்கள். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்று எல்லை வகுத்து, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். ஏறி ஓட்டும் பெட்ரோல் புல்வெட்டிகள் சாதாரணமாக அந்த அளவைத் தொடும். காதுக் காப்பு எல்லாத் தர வண்டிக்கும் கட்டாயம்.

படி 6: வாங்கிய பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

தொழில்தர வண்டி பெரிய பெரிய சர்வீஸ் இடைவெளிகளைத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு பாகமும் விலை கூடியது, கனமானது. பிளேடு மாற்ற முன்பக்கத்தைத் தூக்க வேண்டும் என்றால் சாதாரண ஜாக்கி போதாது. வலுவான தூக்கி வேண்டும். பெட்ரோல் மணிக்கு 4 முதல் 6 லிட்டர் குடிக்கும். வண்டியைச் சர்வீஸுக்கு எடுத்துச் செல்ல டிரெய்லர் இல்லாதவர்கள், வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் டீலரைத்தான் தேட வேண்டும். அப்படி ஒரு டீலர் பக்கத்தில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல வண்டியானாலும் அந்தப் பிராண்டை விட்டுவிடுங்கள்.

வாரண்டியில் இரண்டு கணக்கு ஓடும்: வீட்டு உபயோகத்துக்கு ஒன்று, தொழில் உபயோகத்துக்கு ஒன்று. வீட்டுத்தர வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு பக்கத்துப் புல்வெளியில் ஓட்டினால் வாரண்டி சில மாதங்களாகச் சுருங்கலாம் அல்லது செல்லாமலே போகலாம். தொழில்தர வண்டியின் வாரண்டி பெரும்பாலும் "இத்தனை வருடம் அல்லது இத்தனை மணி, எது முந்துகிறதோ அது" என்று எழுதப்பட்டிருக்கும். நீங்கள் மணி எல்லையைத் தொடவே மாட்டீர்கள், வருடம் முடிந்துவிடும். எஞ்சினுக்கான வாரண்டியை எஞ்சின் நிறுவனம் தனியாகத் தரும். அதையும் தனியாகப் படியுங்கள்.

சீசன் முடிந்து நிறுத்தும்போது எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொட்டியில் அப்படியே விடாதீர்கள். பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து சில நிமிடம் ஓட்டியோ, காலி செய்தோ நிறுத்துங்கள். வருடத்தில் பல மாதம் சும்மா நிற்கும் வீட்டு வண்டிகளில் வரும் கோளாறுகளில் பழைய பெட்ரோல்தான் முதலிடம். தொழில்தரமும் இதிலிருந்து தப்பாது.

படி 7: நடுவழியையும் பழைய வண்டியையும் பாருங்கள்

இதுவரை வந்த விடைகளை எழுதிவைத்தால், பலருக்கும் கிடைப்பது இப்படித்தான் இருக்கும்: மணிக்கணக்கு குறைவு, ஆனால் மேடு இருக்கிறது, அல்லது தரை சமம், ஆனால் முதுகு தாங்கவில்லை. இவர்களுக்காகத்தான் நடுத்தர வகை இருக்கிறது. எக்ஸ்மார்க் ரேடியஸ், கிரேவ்லி இசட்.டி. எச்.டி., டோரோ டைட்டன், ஸ்காக் ஃப்ரீடம் இசட், ஹஸ்லர் ராப்டர் வரிசை போன்றவை பற்றவைத்த டெக்கோடு, சற்றுக் கனமான டிரான்ஸ்மிஷனோடு வருகின்றன. ஒரே பெயரிலேயே பல அலகுகள் மாறி வரும் என்பதால், பெயரை நம்பாமல் படி 4-இன் நான்கு பாகங்களையும் அந்தந்த மாடலில் சரிபாருங்கள். இரண்டு முதல் நான்கு ஏக்கர் வரை உள்ள வீட்டுக்காரர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான்.

சுமை வண்டி, ஏர் உழவு, பனித்தள்ளி என்று இழுக்கும், தள்ளும் வேலைகளும் இருந்தால் ஜீரோ டர்னே தவறான தேர்வு. அதற்குக் கனமான பின் அச்சு உள்ள தோட்ட டிராக்டர் வேண்டும்.

பயன்படுத்திய தொழில்தர வண்டி நல்ல வழியாக அமையலாம். தேட வேண்டியது வீட்டுக்காரர் ஒருவர் 300, 400 மணி ஓட்டிவிட்டு விற்கும் வண்டி. தொழில் செய்தவரிடமிருந்து 1,200 மணி ஓடிய வண்டி என்றால் கிரீஸ், எண்ணெய் மாற்றப் பதிவு கையில் இருந்தால் மட்டும் பேசுங்கள். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த எஞ்சின் கிளம்பும் கோளாற்றை மறைக்கும். குளிரில் கிளப்பிப் புகையைப் பாருங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி ஹைட்ரோஸ்டாடிக் அலகைச் சூடாக்கி, அதன்பின் மேட்டில் ஏற்றுங்கள். ஊளையிடும் சத்தம், ஒரு பக்கம் இழுத்தல், லீவர் நடுநிலையில் இருந்தும் நகர்தல் ஆகியவை எச்சரிக்கை. எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறையோடு ஒவ்வொரு பிளேடையும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. டெக்கின் அடியில் பற்றவைப்பு ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மணிமீட்டர் குறைவாகக் காட்டி, கால் மிதியும் லீவர் பிடியும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மிதியை நம்புங்கள்.

படி 8: உங்கள் நிலத்திலேயே ஓட்டிப் பாருங்கள்

கடையின் தார் தரையில் ஓட்டுவதில் எதுவும் தெரியாது. நல்ல டீலர்கள் வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்த நாளில் மூன்று இடங்களுக்குப் போங்கள்: உங்கள் நிலத்தில் மிகக் குறுகலான இடம், மிகக் குழியான இடம், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் மிகச் சரிவான இடம். குழியான இடத்தில் எந்த வேகத்தில் உடம்பு மறுக்கிறது என்று கவனித்து, அந்த வேகத்தைப் படி 1-இன் கணக்கில் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் 16 கிலோமீட்டர் உங்கள் தரையில் 9 ஆகலாம். அப்போது அகலமான தொழில்தர வண்டிக்கும் நடுத்தர வண்டிக்கும் நேரத்தில் பத்து நிமிட வித்தியாசம்தான் மிஞ்சலாம்.

வீட்டில் வேறு யாராவது ஓட்டப்போகிறார்கள் என்றால் அவர்களையும் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு லீவர் பழகாதவர்களுக்குத் தொழில்தர வண்டியின் உடனடி வேகம் முதலில் மிரட்டும். மண் சற்று ஈரமாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள். திருப்பங்களில் புல் கிழிகிறதா, தடம் ஆழமாக விழுகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். காய்ந்த நாளில் மட்டும்தான் காட்டுவேன், கடை வாசலில் மட்டும்தான் ஓட்டலாம் என்று சொல்கிற டீலரிடம் இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை. வேறு டீலரைத் தேடுங்கள்.